வெறும் தொட்டியின் கனம்

பாலங்கள் பராமரிப்பு வாரியத்தில் ஒரு கடிதத்தைப் பத்திரமாக வைக்க வேண்டும் என்றால் அதை அழித்துவிடுவார்கள். கேலி செய்யவில்லை, நடைமுறையைச் சொல்கிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன்பு அங்கே "வெள்ளிக்கிழமை வெறும் பெட்டி" என்று ஒரு திட்டம் வந்தது. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு எந்த ஊழியரின் மின்னஞ்சல் பெட்டியிலும் ஒரு கடிதம்கூட இருக்கக் கூடாது. வந்தவை, அனுப்பியவை இரண்டுமே துடைத்து வைத்த மாதிரி இருக்க வேண்டும். அப்படி இருந்தால் மேசைமேல் பச்சைக் கொடி, இல்லாவிட்டால் சிவப்புக் கொடி. கடிதங்களை எடுத்து வைக்கத் தனியாக ஒரு பெட்டி திறந்துகொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். தாராளமாகத் திறக்கலாம். அதற்கு மூன்று கையெழுத்து வேண்டும். மூன்றாவது கையெழுத்தைப் போட வேண்டிய பதவிக்கு இன்னும் ஆள் நியமிக்கவில்லை. ஆக மிச்சம் இருந்த ஒரே இடம் "அழித்தவை" என்கிற குப்பைத்தொட்டிதான். அதைக் காலி செய்யச் சொல்லி ஆணை எதுவும் இல்லை, ஏனென்றால் அதற்குள் ஏதாவது இருக்கும் என்று மேலே யாருக்கும் தோன்றவில்லை. நான்கு மாடிக் கட்டடமும் தன் ஞாபகம் முழுவதையும் அந்தத் தொட்டியில் போட்டு வைத்திருந்தது. "அந்த ஆணை நகல் இருக்கா?" என்று கேட்டால், "இருங்க, குப்பையில பத்திரமா இருக்கு" என்பார்கள். சொல்கிறவர் முகத்திலும் கேட்கிறவர் முகத்திலும் சிரிப்பு இருக்காது.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்குத் தபாலக்கா தன் தொட்டியைத் திறந்தாள். உள்ளே ஒன்றுமே இல்லை.

தபாலக்கா என்பது ஆபீஸ் வைத்த பேர். வெளியிலிருந்து வரும் கடிதங்களைப் பதிவு செய்து உரிய அதிகாரிக்கு அனுப்புகிற எழுத்தர் அவள். காகிதக் காலத்தில் பத்து வருடம், கணினிக் காலத்தில் ஒன்பது வருடம் அந்த ஒரே நாற்காலியில் இருந்தவள். ஒரு துண்டுச் சீட்டைக்கூடத் தொலைத்ததில்லை. வீட்டில் பல்பு வாங்கிய அட்டைப்பெட்டியின் மேல்கூடத் தேதி எழுதி வைப்பாள். அப்படிப்பட்டவள் அன்று தொட்டியை மூடி மூடித் திறந்து பார்த்தாள்.

பதறக் காரணம் இருந்தது. ஐந்து நாட்களுக்கு முன்பு சந்தைப் பக்கம் இருக்கிற பதினான்காம் எண் நடைபாலத்தில் ஒரு படி கழன்று விழுந்து, பேப்பர் போடுகிறவர் ஒருவருக்கு இரண்டு கால்களும் முறிந்தன. அதற்கு இரண்டு மாதம் முன்பே களப் பரிசோதகர் கடிதம் எழுதியிருந்தார்: போல்ட்டுகள் துருப்பிடித்துவிட்டன, பாலத்தை மூடுங்கள் என்று. அதைத் தபாலக்கா அன்றைக்கே "அவசரம்" என்று போட்டு இணை இயக்குநருக்கு அனுப்பினாள். பிறகு இரண்டு தடவை நினைவூட்டினாள். இப்போது இணை இயக்குநர், தனக்கு அப்படி ஒரு கடிதம் வரவே இல்லை என்கிறார். பரிசோதகர் போன மாதம் ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற அன்று மாலையே அவருடைய மின்னஞ்சல் பெட்டியை வேரோடு பிடுங்கிவிட்டார்கள். போனில் அழைத்தால், "நான் வேணா வந்து சத்தியம் பண்றேம்மா" என்கிறார். ஓய்வு பெற்றவரின் வாய்க்குப் பதிவு எண் கிடையாது என்பது வாரியத்தின் நிலைப்பாடு.

மூன்று மணிக்கு விசாரணை. தபாலக்காவின் பணியிடை நீக்க ஆணை திங்கட்கிழமையே தட்டச்சாகிவிட்டது. தட்டச்சு செய்தவள் பக்கத்து நாற்காலிக்காரி, கண் கலங்கிக்கொண்டே காட்டினாள். தேதி மட்டும்தான் போடவில்லை.

வேலை போவதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. அதே கடிதத்தில் இருபத்தேழாம் எண் பாலத்தைப் பற்றியும் இருந்தது. அது ரயில் பாதைக்கு மேலே, செருப்புத் தொழிற்சாலைக்கு எதிரே இருக்கிற பாலம். ஐந்து மணிச் சங்கு ஊதினால் ஆயிரத்து இருநூறு பேர் மொத்தமாக அதில் ஏறுவார்கள். பதினான்காம் பாலம் உடைந்த மறுநாளே அவள் இணை இயக்குநரிடம் போய்ச் சொல்லிப் பார்த்தாள்.

"எழுத்துல இருக்கா?" என்றார் அவர்.

"அனுப்பியிருக்கேனே ஐயா."

"எனக்கு வரலையே. வராத கடிதத்தை வச்சுப் பாலத்தை மூடினா, நாளைக்கு ஏன் மூடினேன்னு கேட்டா நான் எதைக் காட்டறது?"

அதனால் அந்தக் கடிதம் கிடைத்தே ஆக வேண்டும். அது இருந்த ஒரே இடம் இந்தத் தொட்டி. கையும் ஓடாமல் காலும் ஓடாமல் அவள் கணினிப் பிரிவுக்குப் போன் போட்டாள்.

"வணக்கம், சொல்லுங்க."

"அழிச்ச கடிதம் எல்லாம் காணோம்ங்க."

"நீங்கதான் அழிச்சீங்களா?"

"ஆமாங்க."

"அப்ப காணாம போறதுதானேங்க முறை?"

"இல்லீங்க, அழிச்சு வச்சிருந்தேன். வச்ச இடத்துல இல்ல."

"தெரிஞ்சு அழிச்சீங்களா, தெரியாம அழிச்சீங்களா? தெரிஞ்சு அழிச்சிருந்தா புகார் எடுக்க முடியாது. தெரியாம அழிச்சிருந்தா ஒழுங்கு நடவடிக்கைக்கு அனுப்பணும். எதைப் போடட்டும்?"

"வேற ஒண்ணும் இல்லையாங்க?"

"மற்றவைன்னு ஒண்ணு இருக்கு. மற்றவைக்கு ஆள் வர ஏழு வேலை நாள் ஆகும்."

"மூணு மணிக்கு விசாரணைங்க!"

"அப்ப அவசர மற்றவை. அதுக்கு மின்னஞ்சல்ல விண்ணப்பம் அனுப்புங்க. நாங்க வெள்ளிக்கிழமை பெட்டியைத் துடைக்கறதுக்குள்ள பார்த்தோம்னா கூப்பிடுவோம்."

போனை வைத்துவிட்டு நான்காம் மாடிக்கு ஏறினாள். லிப்ட் இருந்தது; அதற்காகக் காத்திருக்கப் பொறுமை இல்லை. கணினிப் பிரிவின் தலைமை அதிகாரி குளிரூட்டிய அறையில், சட்டம் போட்ட நான்கு பாராட்டுப் பத்திரங்களுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். அவள் சொன்னதை முழுதாகக் கேட்டார். அப்புறம் மனம் புண்பட்டவர்போலப் பேசினார்.

"அம்மா, எங்க பிரிவோட லட்சியமே ஊழியர்கள் எதையும் தேடக் கூடாதுங்கறதுதான். தேட ஒண்ணும் இல்லேன்னா தேட மாட்டாங்க, சரிதானே? போன வாரம் வாரியத் தலைவர் பார்வையிட வந்தார். ஒவ்வொரு மேசையா போய்த் தொட்டியைத் திறந்து பார்த்தார். எல்லாம் பளிச்சுனு இருந்துச்சு. எனக்குக் கை குடுத்தார். ரெண்டு கையாலயும் குடுத்தார். இப்ப நீங்க வந்து, உள்ள ஏதாவது இருந்திருக்கணுமேன்னு சொல்றீங்க. இது எங்க உழைப்பைக் கொச்சைப்படுத்தற மாதிரி இருக்கு."

"போன வாரம் ஏதாவது மாத்துனீங்களா ஐயா?"

"மாற்றம்னு சொல்லாதீங்க. மேம்பாடு. வியாழக்கிழமை சுற்றறிக்கை அனுப்பினோமே."

அந்தச் சுற்றறிக்கையை அவள் படித்திருந்தாள். ஒன்பது பக்கம். அதில் "தோற்ற மேம்பாடு" என்ற சொல் நாற்பது தடவை வந்தது; என்ன செய்திருக்கிறார்கள் என்பது ஒரு தடவையும் வரவில்லை. மறுபடியும் படித்துப் பார்க்கலாம் என்றால் அதுவும் வெள்ளிக்கிழமை தொட்டிக்குள் போய்விட்டது.

கடைசியில் அவர் ஓர் ஆளை அவளோடு அனுப்பினார். ஆபீஸ் அவரை ரீஸ்டார்ட் அண்ணன் என்று அழைக்கும். மனுஷர் தங்கமானவர். ஆனால் கணினி நின்றாலும் ரீஸ்டார்ட், அச்சு இயந்திரம் நின்றாலும் ரீஸ்டார்ட். ஒரு தடவை சுவர்க்கடிகாரம் நின்றபோதும் அதையேதான் சொன்னார். வந்து உட்கார்ந்ததும் கணினியை மூடித் திறந்தார். அது முழித்து எழ பதினோரு நிமிடம் ஆனது. தொட்டி காலி. மறுபடியும் மூடித் திறந்தார். அட்டவணையைப் புதிதாகக் கட்டச் சொல்லி ஒரு பொத்தானை அழுத்தினார். நீலக் கோடு ஒன்று திரையில் ஊர்ந்து ஊர்ந்து போனது. மணி பன்னிரண்டு, ஒன்று, ஒன்றரை. தபாலக்கா அந்தக் கோட்டையே பார்த்தாள்.

நடுவில் அவள் கணவன் போன் செய்தான். வேன் ஓட்டுகிறவன். "கிடைச்சுதா?" என்றான்.

"இல்ல."

"நீ எதையும் தூக்கிப் போடற ஆளே இல்லையே! நம்ம வீட்டுல மூடி இல்லாத டப்பா ஒரு அலமாரி, டப்பா இல்லாத மூடி ஒரு அலமாரி. உன்னைப் போயி கடிதத்தைத் தொலைச்சேன்னா எவன் நம்புவான்?"

"நம்பறவங்கதான் இங்க அதிகாரி," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ரீஸ்டார்ட் அண்ணன் புருவத்தைச் சுருக்கினார். "அக்கா, இங்க பாருங்க. தொட்டிக்குள்ள ஒரு கடிதம்கூட இல்ல. ஆனா தொட்டியோட அளவு இருநூத்திப் பன்னெண்டு எம்பி காட்டுது. இதுதான் கோளாறு."

தபாலக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "ஒண்ணுமே இல்லாத டப்பா எப்படிண்ணே கனக்கும்?"

"அதான் சொல்றேன், கனம் தப்பு. சுருக்கிட்டா சரியாயிடும்."

"சுருக்கினா என்ன ஆகும்?"

"உள்ள ஒட்டிட்டு இருக்கற மிச்சம் மீதி எல்லாம் ஒரேயடியா போயிடும். கனம் பூஜ்யம் ஆயிடும். தொட்டியும் காலி, கணக்கும் காலி. புகார் தீர்ந்துச்சுன்னு எழுதிடலாம்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூடியைத் திறக்கத் தெரியவில்லை என்பதற்காக டப்பாவையே உலையில் போடச் சொல்கிறார்கள். அந்த நேரம் பார்த்து மேசைப் போன் அடித்தது. இணை இயக்குநரின் நேர்முக உதவியாளர். ரீஸ்டார்ட் அண்ணன் எடுத்தார். "ஆமாங்க... சுருக்கறதுதாங்க வழி... ரெண்டரைக்குள்ளேயா? சரிங்க." வைத்துவிட்டு மவுசைப் பிடித்தார். திரையில் கேள்வி வந்தது: சுருக்கவா? ஆம், வேண்டாம்.

தபாலக்கா அவர் கையின் மேல் தன் கையை வைத்து அழுத்தினாள். பத்தொன்பது வருடத்தில் அவள் ஆபீசில் யார் கையையும் பிடித்ததில்லை.

"கையை எடுங்கக்கா. மேலிடத்து உத்தரவு."

"எடுக்கறேன். இருபத்தேழாம் பாலத்துல உங்க வீட்டு ஆளுங்க யாராவது போறாங்களாண்ணே?"

"என் மச்சான் அந்தச் செருப்புக் கம்பெனியிலதான் இருக்கான். ஏன்?"

அவள் சொன்னாள். இரண்டே வாக்கியம். ரீஸ்டார்ட் அண்ணன் திரைப்பக்கம் திரும்பினார். பிறகு "வேண்டாம்" என்பதை அழுத்தினார். குனிந்து கணினியின் பின்னாலிருந்து நீல நிற நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கி, சுவரோரம் நீளமாகக் கிடந்த மிச்சத்தையும் இழுத்து, வளையமாகச் சுற்றித் தோளில் மாட்டிக்கொண்டார். "இது இருந்தா மாடியிலேர்ந்தே சுருக்கிடுவாங்க. யாராவது கேட்டா பழுது பார்க்கறேன்னு சொல்லுங்க. ஆனா அக்கா, மூணு மணிக்கு நீங்க எதைக் காட்டுவீங்க?"

காட்ட அவளிடம் ஒன்றும் இல்லை.

விசாரணை அறையில் நீண்ட மேசை, பெரிய திரை, எட்டு தண்ணீர்ப் பாட்டில்கள். விசாரணைக் குழுத் தலைவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலப்பக்கம் இணை இயக்குநர், இடப்பக்கம் கணினிப் பிரிவின் தலைமை அதிகாரி. எந்தக் கணினியை எப்போது கேட்டாலும் திரையில் காட்டுவதற்காக ரீஸ்டார்ட் அண்ணன் மூலையில், கேபிள் வளையத்தைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். தபாலக்காவுக்குக் கதவோரம் ஒரு நாற்காலி. பணியிடை நீக்க ஆணை மேசைமேல் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

"கடிதத்தை அனுப்பினதுக்கு ஆதாரம்?" என்றார் தலைவர்.

"தொட்டியில இருந்ததுங்க ஐயா. காணோம்."

"அரசு ஆவணத்தைக் குப்பையில போட்டீங்களா?"

"வெள்ளிக்கிழமை பெட்டி வெறுமையா இருக்கணும்னு ஆணை ஐயா."

"ஆணையைக் காட்டுங்க."

"அதுவும் தொட்டியிலதான் ஐயா இருக்கு."

தலைவர் பேனாவை வைத்துவிட்டு ஒரு சிற்றுரை ஆற்றினார். "பொறுப்புள்ள ஊழியர்னா அழிக்க வேண்டியதை அழிக்கணும். அழிக்கக் கூடாததை அழிக்கக் கூடாது. எது எதுன்னு வாரியம் சொல்லாது. சொன்னா அப்புறம் பொறுப்பு வாரியத்துக்கு வந்துடும். அதனாலதான் உங்களைப் பொறுப்புள்ள ஊழியர்னு சொல்றோம்." எல்லோரும் தலையாட்டினார்கள்.

அடுத்து இணை இயக்குநர் எழுந்தார். வெறும் பெட்டித் திட்டத்தில் மூன்று வருடமும் முதல் பரிசு வாங்கியவர். "நான் அதிகம் பேச விரும்பலை. என் பெட்டியில எந்தக் கடிதமும் ஒரு நிமிஷத்துக்கு மேல தங்கினது கிடையாது. வந்தவுடனே முடிச்சுடுவேன். என் வேகம் இந்த வாரியத்துக்கே தெரியும். இந்த அம்மா சொல்ற கடிதம் வந்திருந்தா அதையும் முடிச்சிருப்பேன். சந்தேகம் இருந்தா என் பெட்டியை இப்பவே, இந்தத் திரையிலேயே திறங்க. தொட்டியையும் திறங்க. மடியில கனம் இல்ல, வழியில பயம் இல்ல."

"தேவையில்லை," என்றார் தலைவர். "உங்க வார்த்தை போதும்."

"இல்ல, திறக்கட்டும். வாரியத் தலைவரே போன வாரம் பார்த்துப் பாராட்டின தொட்டிகள். எல்லாம் காலிதான்."

ரீஸ்டார்ட் அண்ணன் திறந்தார். வந்தவை: காலி. அனுப்பியவை: காலி. இணை இயக்குநர் லேசாகத் தலை குனிந்து அந்தப் பெருமையை ஏற்றுக்கொண்டார். பிறகு அண்ணன் "அழித்தவை" என்பதை அழுத்தினார்.

திரை நிரம்பியது. மேலிருந்து கீழ்வரை தடித்த எழுத்தில் வரி வரியாகக் கடிதங்கள் இறங்கின. உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தன. ஓரத்தில் எண் வந்து நின்றது: ஆறாயிரத்து நூற்றெட்டு. யாரோ தண்ணீர்ப் பாட்டிலைத் தட்டிவிட்டார்கள். அதை யாரும் நிமிர்த்தவில்லை.

"இது என்ன?" என்றார் தலைவர்.

ரீஸ்டார்ட் அண்ணன் திரையின் மேல்பக்கம் இருந்த ஒரு சிறிய பட்டையைச் சுட்டினார். ஊழியர்களின் திரையில் அந்தப் பட்டை கிடையாது. அவர்கள் குழம்பிவிடக் கூடாது என்று மறைத்திருந்தார்கள். அதிகாரிகள் குழம்ப மாட்டார்கள் என்பதால் அவர்களுக்கு மட்டும் விட்டு வைத்திருந்தார்கள். அண்ணன் எழுத்துக்கூட்டிப் படிப்பவர் மாதிரி படித்தார்: "படிக்காதவை மட்டும் காட்டப்படுகின்றன."

கணினிப் பிரிவின் தலைமை அதிகாரிக்கு அந்த நேரத்திலும் விளக்கம் சொல்லும் ஆசை போகவில்லை. "அதுதாங்க ஐயா தோற்ற மேம்பாடு. வாரியத் தலைவர் வர்றப்ப எல்லாத் தொட்டியும் காலியா தெரியணும்னு யோசிச்சோம். அழிச்சா பிரச்சினை, அழிக்காமலே காலியா காட்டணும். படிக்காத கடிதத்தை மட்டும் காட்டுன்னு வச்சுட்டோம். படிக்காம யாராவது கடிதத்தை அழிப்பாங்களா? அதனால எதுவுமே தெரியாது. அவர் ஊழியர்கள் மேசையைத்தான் பார்த்தார். அங்க எல்லாமே காலி..." சொல்லிக்கொண்டே வந்தவர் இணை இயக்குநர் பக்கம் திரும்பினார். வாக்கியம் பாதியில் நின்றது.

தபாலக்காவுக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது. அவள் தொட்டி காலியாகத் தெரிந்தது, அதில் இருந்த அத்தனையையும் அவள் படித்திருந்ததால்தான். கோபத்தில் அவளுக்குக் காதெல்லாம் சூடானது. "பதினாலாம் பாலம்னு தேடுங்கண்ணே," என்றாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

மூன்று கடிதங்கள் வந்தன. மூன்றும் தடித்த எழுத்தில். மூன்றின் தலைப்பிலும் "அவசரம்". அனுப்பியவர் இடத்தில் அவள் பிரிவின் பேர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருந்தார்கள், இப்போது சோறுதான் இல்லை.

"இதை... இதை நான் முடிச்சுட்டேன்," என்றார் இணை இயக்குநர். பழக்கத்தில் வந்துவிட்டது.

"படிங்க," என்றார் தலைவர், வேறு வழியில்லாமல்.

இணை இயக்குநர் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கடிதத்தைப் படித்தார். பதினான்காம் பாலத்துப் போல்ட்டுகளைப் பற்றிய பத்தியில் குரல் இறங்கியது. அடுத்த பத்திக்கு வந்ததும் இன்னும் இறங்கியது: "இருபத்தேழாம் எண் பாலத்தின் நிலை இதைவிட மோசம். கூட்டம் மொத்தமாக ஏறினால் தாங்காது."

சுவர்க்கடிகாரம் நான்கு பதினைந்து காட்டியது.

தலைவர் செருமினார். "உடனே நடவடிக்கை எடுக்கணும். பாலத்தை மூட ஆணை தயார் பண்ணி, அவசரம்னு போட்டு மின்னஞ்சல்ல அனுப்புங்க."

"யாருக்கு ஐயா?" என்று கேட்டாள் தபாலக்கா.

"பாலம் யார் பொறுப்போ அவருக்கு." சொல்லிவிட்டு அவரே இணை இயக்குநரைப் பார்த்தார்.

"மின்னஞ்சல் வேணாம் ஐயா. கயிறு குடுங்க."

கயிறு கிடங்கில் இருந்தது. கிடங்கைத் திறக்கப் படிவம் வேண்டும், படிவத்தில் இணை இயக்குநர் கையெழுத்து வேண்டும், இணை இயக்குநரோ பேனா எங்கே என்று தன் சட்டைப் பையையே தடவிக்கொண்டிருந்தார். ரீஸ்டார்ட் அண்ணன் எழுந்தார். அந்தக் கடிதத்தை ஒரு தடவை அச்செடுத்து அவள் கையில் கொடுத்தார். "வாங்கக்கா, என் பைக் கீழதான் இருக்கு."

நான்கு ஐம்பத்தைந்துக்கு அவர்கள் பாலத்தடிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அண்ணன் தோளிலிருந்து நீலக் கேபிளை இறக்கி, படிக்கட்டின் இந்தக் கம்பிக்கும் அந்தக் கம்பிக்கும் குறுக்கே நான்கு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். அறிவிப்புப் பலகை இல்லை. தபாலக்கா கடிதத்தையே கேபிளில் செருகித் தொங்கவிட்டாள். சங்கு ஊதியது. வாயிலிலிருந்து கூட்டம் திமுதிமுவென்று வந்தது.

"இப்படி வராதீங்க! சுத்திப் போங்க!" என்று கத்தினாள். அப்படிக் கத்த முடியும் என்று அவளுக்கே தெரியாது.

"என்னம்மா, ஒரு வயரைக் கட்டிட்டு பாலம் மூடிட்டேங்கறே, யாரு நீ?" என்றான் முன்னால் வந்தவன். அவள் கடிதத்தைக் காட்டினாள். அவன் குனிந்து படித்தான். படித்துவிட்டு நிமிர்ந்து பாலத்தைப் பார்த்தான், பின்னால் திரும்பி "யாரும் ஏறாதீங்கடா!" என்று கத்தினான். அடுத்தவன் படித்தான். எழுத்துத் தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் படித்துக் காட்டினார்கள். அண்ணனின் மச்சான் இரண்டு தடவை படித்தான். இரண்டு மாதமாக எந்த அதிகாரியும் படிக்காத அந்தக் கடிதத்தை அரை மணி நேரத்தில் ஆயிரத்து இருநூறு பேர் படித்துவிட்டுச் சுற்றுவழியில் வீட்டுக்குப் போனார்கள். தபாலக்கா படிக்கட்டின் கீழே உட்கார்ந்து, காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகையை அழுதாள்.

வாரியம் பாடம் கற்றுக்கொண்டது. அந்த வெள்ளிக்கிழமையே புதிய சுற்றறிக்கை வந்தது. தொட்டிகளின் தோற்றம் மீண்டும் மேம்படுத்தப்பட்டிருப்பதாகவும், இனி அவற்றில் படித்த கடிதங்கள் மட்டுமே தெரியும் என்றும் அதில் இருந்தது. ஊழியர்களின் கடிதங்கள் அத்தனையும் திரும்பக் கிடைத்தன. விசாரணையில் படித்த அந்த ஒரு கடிதத்தைத் தவிர, இணை இயக்குநரின் தொட்டி சுத்தமாக, காலியாக இருந்தது. நான்காவது வருடமும் அவருக்கே முதல் பரிசு. தபாலக்காவின் பணியிடை நீக்க ஆணையைக் கிழித்துவிட்டார்கள். பதினான்கு மீட்டர் நெட்வொர்க் கேபிளை அனுமதியின்றிப் பாலத்தில் கட்டியதற்கு மட்டும் விளக்கம் கேட்டார்கள்.

அவள் விளக்கத்தை மின்னஞ்சலில் அனுப்பவில்லை. காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு இணை இயக்குநர் அறைக்குப் போனாள். இப்போதெல்லாம் களத்திலிருந்து எந்த அவசரக் கடிதம் வந்தாலும் அப்படித்தான் செய்கிறாள். அவர், "வச்சுட்டுப் போங்க, முடிச்சுடறேன்" என்பார்.

"பரவாயில்லீங்க ஐயா," என்று அவள் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். "சத்தமா படிங்க. நான் இருக்கேன்."